பெரிய மொட்டைக் கிள்ளட்டாம்

உங்களில் எத்தனை பேர் சின்ன வயதில் அப்பா அம்மாவுக்கு மொழிபெயர்த்துக்கொண்டு திரிந்தீர்கள்? டொக்டரிடம், வங்கியில், பஸ் டிரைவரிடம். பள்ளிக்கூடத்தில் ரீச்சர் உங்களைப் பற்றிச் சொன்ன முறைப்பாட்டை நீங்களே அம்மாவிடம் சொல்ல வேண்டி வந்த நாட்கள் நினைவிருக்கும். உண்மையைச் சொல்லுங்கள், அதை அப்படியே சொன்னவர்கள் யார்?

நான் சொல்லவில்லை. ரீச்சர் ஐந்து நிமிடம் பொரிந்து தள்ளியதை, "கெட்டிக்காரியாம், கொஞ்சம் கதையைக் குறைக்கட்டாம்" என்று முடித்துவிடுவேன். அம்மா ரீச்சரைப் பார்த்துச் சிரிப்பா. அம்மா ஏன் சிரிக்கிறா என்று விளங்காமல் ரீச்சர் முழிப்பா.

அப்படிச் சொன்ன பொய்களில் பெரும்பாலானவை ஒருவரையும் ஒன்றும் செய்யவில்லை. ஒன்று செய்தது. அது ஒரு பூப்பாத்தியைப் பற்றியது.

எனக்கு அப்போது பத்து வயது. கனடாவுக்கு வந்து பார்க்டேலில் பன்னிரண்டாம் மாடியில் ஒற்றை அறையில் இருந்தோம். தம்பி பிறந்த பிறகு இடம் போதவில்லை. அப்பா மாதக் கணக்காக வீடு தேடினார். போனில் "ஓம், காலியாத்தான் இருக்கு" என்ற வீடு, நாங்கள் போய்க் கதவடியில் நின்றதும் "நேற்றே குடுத்தாச்சு" ஆகிவிடும். ஆறாவதோ ஏழாவதோ வீட்டில்தான் ஒரு வெள்ளைக்கார அம்மா கதவைத் திறந்து, எங்கள் நாலு பேரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, தம்பியின் கன்னத்தைத் தொட்டா. தொப்பி போடாமல் பிள்ளையைக் கொண்டுவந்ததற்கு எங்கள் அம்மாவைக் கண்ணால் ஒரு வெட்டு வெட்டினா. பிறகு உள்ளே வரச் சொன்னா.

ஸ்காபரோவில் செங்கல் வீடு. ஒரே கூரை, நடுச்சுவர் ஒன்றால் பிரித்த இரண்டு வீடுகள். ஒரு பாதியில் அவ தனியே இருந்தா, மற்றப் பாதியை எங்களுக்கு வாடகைக்குத் தந்தா. எழுபது வயதிருக்கும். முழங்கால் வருத்தம், கையில் எப்போதும் ஒரு தடி. அப்பாவுக்கு அவ 'வீட்டுக்காரி'. அம்மாவுக்கும் எனக்கும் 'மிஸிஸ்'.

வீட்டுத் திறப்பைக் கையில் தரும்போது மிஸிஸ் ஒன்றே ஒன்றுதான் கேட்டா. பின்வளவில் வேலியோரமாக இரண்டு வீட்டுக்கும் பொதுவாக நீளமான பாத்தி ஒன்று கிடந்தது. அதை மட்டும் கொத்தக் கூடாது, அதற்குள் ஒன்று நித்திரை கொள்ளுகிறது என்றா. நான் அப்படியே மொழிபெயர்த்தேன்.

அப்பா போய்ப் பார்த்தார். சித்திரை மாதம். பாத்தியில் வெறும் ஈரமண்ணும் போன வருசத்துச் சருகும்தான்.

"உதுக்குள்ளை என்ன நித்திரை? நல்ல வெயில் விழுற இடம். மிளகாயும் கத்தரியும் வைச்சால் எப்பிடி வரும் தெரியுமோ?" என்று கவலைப்பட்டார். யன்னலடியில் பேப்பர் கப்புகளில் முளைக்க வைத்திருந்த மிளகாய்க் கன்றுகளைக் கடைசியில் பழைய வாளிகளில் நட்டார்.

அடுத்த கிழமை அந்த நித்திரை கலைந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்து பின்கதவைத் திறந்தால், மண்ணைப் பிளந்துகொண்டு கருஞ்சிவப்பாய் விரல் விரலாய் ஏதோ நிற்கிறது. கிட்டப் போகப் பயம். போகாமலும் இருக்க முடியவில்லை. குந்தியிருந்து ஒன்றைத் தொட்டேன். குளிர்ந்து, மினுங்கி, ஈரச் சப்பாத்துத் தோல் போல இருந்தது. அன்றிலிருந்து நாளுக்கு ஒருமுறை அடிமட்டம் வைத்து அளந்து கொப்பியில் எழுதினேன். சூடான நாளில் ஒரு அங்குலத்துக்கும் மேல் ஏறும். ஒன்பது பற்றைகள். விரல் விரிந்து கையாகி, கை விரிந்து இலையாகி, சிவப்பு மெல்ல மெல்லப் பச்சையாகியது. மண்ணுக்குக் கீழே மூன்று நாலு மாதம் உறைபனி. இது அங்கே என்ன செய்துகொண்டிருந்தது? யாரைக் கேட்பது? அப்பா பின்னேர வேலைக்குப் போய்விடுவார். அம்மாவுக்குத் தம்பி. எனக்குக் கொப்பிதான் துணை.

பெயரை மிஸிஸிடம் கேட்டு வந்து சொன்னேன். "பியோனி."

"என்னது, பியானோவோ?"

"பியோனி அம்மா."

"அதுதான், பியானோ." அம்மாவுக்கு அது இன்றைக்கும் பியானோப் பூதான்.

வைகாசியில் மொட்டு வந்தது. மொட்டு வந்த அடுத்த நாளே எறும்பும் வந்தது. ஒவ்வொரு மொட்டிலும் ஏழெட்டு, கறுத்த பெரிய எறும்புகள், அவசரமில்லாமல் சுற்றிச் சுற்றி நடக்கும். அம்மா பதறிப்போனா. வீட்டுக்காரி ஒப்படைத்த மரத்தை எறும்பு தின்றால் பழி எங்கள் தலையில் அல்லவா விழும்? காலையில் தம்பிக்குப் பால் கொடுத்ததும், நனைத்த துணியோடு போய் மொட்டு மொட்டாகத் துடைத்துவிட்டு வருவா. பத்து நிமிடத்தில் எறும்புகள் திரும்ப ஏறிவிடும். இது ஒரு கிழமை நடந்தது. ஒருநாள் மிஸிஸ் தன் பின்படியில் நின்று பார்த்துவிட்டு, தடியை ஊன்றி ஊன்றிச் சிரித்துக்கொண்டே வந்தா.

"அம்மாவிட்டைச் சொல்லு. எறும்பு மொட்டைத் தின்னாது. மொட்டிலை தேன் கசியும், அதைக் குடிக்கத்தான் வருகுதுகள். அதுகளை அதுகளின்ரை பாட்டிலை விடச் சொல்லு."

மிஸிஸ் இங்கிலீஷில் சொன்னதை ஒரு சொல் தப்பாமல் அம்மாவிடம் சொன்னேன். அம்மா துணியைப் பிழிந்துகொண்டே, "தேன் குடிக்கவோ இவ்வளவு சனம்?" என்றா. ஆனால் அடுத்த நாள் துடைக்கப் போகவில்லை. நான் சொன்னால் அம்மாவுக்குப் போதும்.

ஒருவரும் பார்க்காத நேரம் ஒரு மொட்டை நக்கிப் பார்த்தேன். நுனிநாக்கில் மெல்லிய இனிப்பு, பிறகு பச்சைக் கசப்பு. வெளியிலேயே தேன் என்றால் உள்ளே என்ன இருக்கும்? மொட்டு கல்லுப்போல இறுகிக் கிடந்தது. என்ன நிறம் என்று கூடச் சொல்ல மாட்டேன் என்றது. மிஸிஸிடம் கேட்டால், "பொறுத்துப் பார்" என்றா. பத்து வயதில் யாருக்குப் பொறுமை இருக்கிறது?

அப்பாவிடம் கேட்டேன். "அப்பா, ஒண்டே ஒண்டு ஆயட்டோ? வெட்டிப் பாத்திட்டு..."

அப்பா சோற்றுக் கோப்பையிலிருந்து நிமிர்ந்தார். "வீட்டுக்காரியின்ரை பூவிலை கை வைச்சியெண்டால் நாளைக்கே நாங்கள் பெட்டி கட்ட வேண்டி வரும். விளங்குதோ?"

விளங்கியது. கேட்டு எடுக்க முடியாது, களவாகவும் எடுக்க முடியாது.

இதற்கிடையில் அம்மா கோயிலில் ஒரு வாக்குக் கொடுத்திருந்தா. அப்போது எங்கள் சனம் சேர்ந்து, ஒரு வெள்ளைக்காரக் கத்தோலிக்கக் கோயிலில் பின்னேர நேரம் கேட்டு வாங்கித் தமிழ்ப் பூசை வைக்கத் தொடங்கியிருந்தது. ஆனி மாதம் அந்தோனியார் திருநாள். யார் என்ன கொண்டுவருவது என்று பெண்கள் பூசை முடிந்து நின்று கதைத்தபோது, ஒருவர் பாட்டுக் கொப்பி என்றா, ஒருவர் அவல் என்றா. புதிதாய் வந்த அம்மா எல்லோருக்கும் பின்னால் தம்பியோடு நின்றவ, "பூவை என்னட்டை விடுங்கோ. எங்கடை வீட்டிலை இருக்கு" என்றுவிட்டா. வீட்டுக்கு வந்துதான் யோசித்தா, பூ யாருடையது என்று. நான் போய் மிஸிஸைக் கேட்டேன். "எல்லாருக்கும் போதுமானதாப் பூக்கும், விரிஞ்ச பிறகு உங்கடை பக்கத்திலை வேண்டியதை எடுக்கச் சொல்லு" என்றா. அதையும் சரியாகத்தான் சொன்னேன். அன்று மத்தியானம் அம்மா பாத்திரம் கழுவும்போது ஏதோ முணுமுணுத்துப் பாடினா. கனடாவுக்கு வந்த பிறகு அம்மா பாடி நான் கேட்டது அன்றுதான் முதற்தரம்.

இனி அந்தச் சனிக்கிழமை.

காலையில் மிஸிஸ் கையில் பையோடு பின்வளவுக்கு வந்தா. முழங்காலுக்கு ஆஸ்பத்திரியில் ஏதோ சோதனை, டாக்சி வரப்போகிறது. பாத்தியடியில் நின்று அம்மாவைக் கூப்பிட்டா. வழக்கமாகத் தானே செய்கிற வேலையாம், இந்த வருசம் குனிய முடியவில்லையாம், அம்மா செய்து தருவாவோ என்று கேட்டா. ஒவ்வொரு தண்டின் உச்சியிலும் பெரிய மொட்டு ஒன்று, விளையாடுகிற கண்ணாடிப் போளையை விடக் கொஞ்சம் பெரிசு. அதற்குக் கீழே பக்கத்தில் பட்டாணிக் கடலை அளவில் இரண்டு மூன்று குட்டி மொட்டுகள். குட்டிகளைக் கிள்ளி எறிந்தால் பெரிசு நல்லாய்ப் பூக்குமாம். மிஸிஸ் ஒரு கையால் பெரிய வட்டம் காட்டினா, பிறகு விரல்நுனியைக் காட்டி நகத்தால் கிள்ளுவதுபோலச் செய்தா. முன்வாசலில் டாக்சி ஹோர்ன் அடித்தது. போய்விட்டா.

"என்ன பிள்ளை சொல்லுறா?" என்று அம்மா கேட்டா.

சத்தியமாகச் சொல்லுகிறேன், வாயைத் திறக்கும் வரை என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியாது.

"மேலை இருக்கிற பெரிய மொட்டைக் கிள்ளட்டாம். பக்கத்திலை இருக்கிற சின்னனை விடட்டாம்."

அம்மா என்னைப் பார்த்தா. பாத்தியைப் பார்த்தா. "பெரிசையோ? வடிவாக் கேட்டனியோ?"

"ஓம் அம்மா."

"ஏனாம்?"

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. "பெரிசு இருந்தால் சின்னனுக்குச் சாப்பாடு போகாதாம்."

அம்மா ஒரு பெரிய மொட்டை விரலால் தொட்டுப் பார்த்தா. பிறகு குசினியிலிருந்து பிளாஸ்டிக் பேசின் ஒன்றைக் கொண்டுவந்து, தம்பியைப் புல்லில் துவாய் விரித்து இருத்திவிட்டு, வேலி மூலையிலிருந்து தொடங்கினா. டிக், டிக் என்று ஒரு சத்தம், மொட்டு முறிகிற சத்தம். ஒவ்வொன்றையும் முறிக்கும்போது அம்மாவின் முகம் ஒரு தரம் சுருங்கி விரியும். எங்கள் பக்கம் முடித்து மிஸிஸின் பக்கமும் முடித்தா. முப்பத்தெட்டு மொட்டுகள்.

"உதை என்ன செய்யிறது?"

"எனக்குத் தாங்கோ."

பேஸ்மென்டில் உடுப்புத் தோய்க்கிற மெஷினுக்கு மேல் பேப்பரை விரித்தேன். அப்பாவின் சவர பிளேட். முதல் மொட்டை நடுவாலே அறுத்தேன். அந்த வாசம் இப்போதும் மூக்கில் இருக்கிறது. பச்சை வாசம், கொஞ்சம் எலுமிச்சம் தோல், கொஞ்சம் முகத்துக்குப் பூசுகிற பவுடர். உள்ளே இதழ்கள், ஒன்றுக்குள் ஒன்று, ஈரக் கடுதாசியைக் கசக்கித் திணித்தமாதிரி. வெளியிதழ் பச்சை, அடுத்தது வெள்ளை, அதற்குள்ளே நிறம் இன்னும் முடிவெடுக்காத ஏதோ ஒன்று. அடுத்த மொட்டை அறுக்காமல் உரித்தேன். ஊசியால் ஒவ்வொரு இதழாகப் பிரித்து எண்ணினேன். எழுபதுக்கு மேல் எண்ணிக்கை பிழைத்தது. மூன்றாவதைத் தண்ணீரில் போட்டேன். நாலாவதற்குள் எறும்பு இருக்குமா என்று தேடினேன், இல்லை. எறும்புக்குக் கூட உள்ளே போக வழி கிடைக்கவில்லை என்று கொப்பியில் எழுதினேன். அப்படி ஒரு சந்தோசம் எனக்கு வாழ்க்கையில் சில தடவைதான் வந்திருக்கிறது. பிழை செய்கிறேன் என்று தெரியும். அந்தப் பேப்பருக்கு மேல் குனிந்திருந்த ஒரு மணித்தியாலம் அது என்னை எட்டவேயில்லை.

பின்னேரம் மிஸிஸின் டாக்சி வந்தது. நான் யன்னலால் பார்த்தேன். பையை வைக்கக்கூட வீட்டுக்குள் போகவில்லை, நேரே பின்வளவுக்கு வந்தா. பாத்தியின் ஒரு முனையிலிருந்து மற்ற முனை வரை மெல்ல நடந்தா. கத்தவில்லை. தடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றா. அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்த முகத்தோடு வெளியே போனா, செய்த வேலைக்கு நல்ல சொல் கேட்க. நான் பின்னால் போக வேண்டியிருந்தது.

"ஏன்?" என்றா மிஸிஸ். அந்த ஒரு சொல்லுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. அம்மாவின் சிரிப்பு நின்றது.

"அவ சொன்னபடிதானே செய்தனான் எண்டு சொல்லு பிள்ளை."

அதை நான் எப்படிச் சொல்வது? சொன்னால் மிஸிஸ் என்னைப் பார்ப்பா, அம்மா என்னைப் பார்ப்பா. நான் இங்கிலீஷில் சொன்னேன்: "அம்மா மன்னிப்புக் கேக்கிறா. அவவுக்கு விளங்கேல்லை."

மிஸிஸ் என் அம்மாவை ஏற இறங்கப் பார்த்தா. அந்தப் பார்வை எனக்கு இப்போது நன்றாக விளங்குகிறது. ஒன்றும் தெரியாத ஒருத்தியிடம் போய்ப் பொறுப்புக் கொடுத்தேனே என்ற பார்வை. ஊரில் பத்து வருசம் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்த என் அம்மாவை ஒரு வசனத்தால் அப்படி ஆக்கியவள் நான்.

பிறகு மிஸிஸ் மெதுவாகச் சொன்னா: "அதெல்லாம் என்ரை பெடியனுக்கு வைச்சிருந்தது."

"என்னவாம்?" என்றா அம்மா.

"பரவாயில்லையாம். கொஞ்சம் கவலையாம்."

அம்மா மிஸிஸின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தா. "பரவாயில்லையெண்டு சொல்லுற முகம் இல்லையே உது" என்றா, எனக்குமில்லை அவவுக்குமில்லை என்பதுபோல. மிஸிஸ் திரும்பிப் போய்க் கதவைச் சாத்தினா.

அப்பா வேலையால் வந்து கேள்விப்பட்டார். திங்கட்கிழமையே கடையிலிருந்து வெறும் வாழைப்பழப் பெட்டிகள் நாலு கொண்டுவந்து நடைக்குள் அடுக்கினார்.

"இஞ்சரும், சாமானை மெல்ல மெல்லக் கட்டத் தொடங்கும். எப்பிடியும் எழும்பச் சொல்லுவா."

"சொல்லட்டும், பிறகு கட்டுவம்."

"சொன்ன பிறகு எங்கை போறது? மாரிக் குளிர் வரப்போகுது."

"ஆனிகூடப் பிறக்கேல்லை, அதுக்குள்ளை மாரியோ?" என்றா அம்மா. ஆனால் அவவுக்கும் பயம். நடுச்சுவரில் காதை வைத்து மறுபக்கம் சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பா. மிஸிஸ் பின்படிக்கு வருவதேயில்லை. அம்மா இரண்டு மூன்று தடவை என்னை இருத்திவைத்து, "அண்டைக்கு என்ன சொன்னவ? ஒவ்வொரு சொல்லாச் சொல்லு" என்று கேட்டா. நான் பழைய பாடத்தையே ஒப்புவித்தேன்.

எனக்கோ அந்தப் பெடியனைப் பற்றித்தான் யோசனை. எவ்வளவு பெரிசாய் இருப்பான், எப்போது வருவான்? ஒரு பெடியனுக்கு எதற்கு முப்பத்தெட்டுப் பூ? வந்தால் என்னை என்ன செய்வான்? பள்ளிக்கூடம் விட்டு வரும்போது மிஸிஸின் வாசலில் புதிதாய் ஒரு சைக்கிள் நிற்கிறதா என்று தினமும் பார்ப்பேன்.

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, அம்மா கட்லட் பொரித்தா. பத்துக் கட்லட்டைத் தட்டில் அடுக்கி, வெள்ளைத் துணியால் மூடி, நல்ல சட்டை மாற்றினா. நான் சப்பாத்துப் போட்டேன்.

"நீ வரவேண்டாம். தம்பியைப் பார்."

"அப்ப ஆர் கதைக்கிறது?"

"நான் கதைக்கிறன்."

அப்படி ஒரு அதிர்ச்சி. தம்பியைத் தூக்கிக்கொண்டு போய் மிஸிஸின் முன்படியில் இருந்தேன். கதவு பூட்டிக் கிடந்தது. முதலில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு கேத்தில் கூவியது. கதிரை இழுபட்டது. அம்மாவின் குரல் ஒரு தரம், மிஸிஸின் குரல் ஒரு தரம், நீண்ட இடைவெளி. என்ன மொழியில் கதைக்கிறார்கள்? அம்மாவுக்கு வணக்கமும் நன்றியும் விலையும் விட்டால் என்ன இங்கிலீஷ் தெரியும்? மூக்குச் சீறுகிற சத்தம் கேட்டது, யாருடையது என்று தெரியவில்லை. தம்பி என் தலைமயிரைப் பிடித்திழுத்து அழுது, அழுது களைத்து, மடியில் நித்திரையாகிவிட்டான். கடைசியில் உள்ளே இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்கு அதுதான் தாங்க முடியவில்லை.

அம்மா வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. கையில் வெறுந்தட்டும், வட்டமாய் வளைத்த கம்பிகள் ஒரு கட்டும்.

"சின்னனெல்லாம் பிந்திப் பூக்குமாம். பாரத்துக்குச் சரியாமல் இந்தக் கம்பியைப் போடட்டாம்."

"ஆர் சொன்னது?"

"அவதான்."

"உங்களுக்கு எப்பிடி விளங்கினது?"

"விளங்கினது" என்றுவிட்டு அம்மா நடந்தா. அன்று இரவே அப்பா வாழைப்பழப் பெட்டிகளைச் சப்பையாக மடித்து வெளியே வைத்தார்.

ஆனி பிறந்து இரண்டாவது கிழமை, மிச்சமிருந்த அந்தப் பட்டாணிகள் பெருத்து, மெத்தென்று ஆகி, ஒரு காலையில் முதலாவது விரிந்தது. நான் ஊகித்து வைத்திருந்த நிறமெல்லாம் பிழை. வெள்ளைதான், ஆனால் அடியில் பாலில் ஒரு துளி சிவப்புச் சாயம் விழுந்தமாதிரி இளஞ்சிவப்பு. நடு இதழ் ஒன்றிரண்டின் ஓரத்தில் இரத்தச் சிவப்பாய்க் கீறல். முப்பத்தெட்டு மொட்டை அறுத்தும் இதழில் இந்த நிறத்தை நான் காணவில்லை. மிஸிஸ் வந்து பார்த்தா. உள்ளங்கையில் கொள்ளுகிற பூ. வழக்கமாக ஒரு சாப்பாட்டுக் கோப்பை அளவு வருமாம். ஆனால் ஒரு தண்டுக்கு மூன்று மூன்றாய்ப் பாத்தி முழுக்க நிறைந்து நின்றது.

திருநாளைக் கொண்டாடிய சனிக்கிழமை காலை, பூவை இரண்டாகப் பிரித்தோம். ஒரு பாதியை ஈரத்துணியில் சுற்றி வாளியில் வைத்தோம். மற்றப் பாதியோடு மிஸிஸ், அம்மா, தம்பி, நான், நாலு பேரும் டாக்சியில் ஏறினோம். எங்கே போகிறோம் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. இறங்கினால் சேமக்காலை, வரிசை வரிசையாய்க் கல்லறைகள்.

புல்லோடு புல்லாகப் பதித்த சின்னக் கல். மிஸிஸ் குனிய முடியாமல் நிற்க, அம்மா முழங்காலில் இருந்து, கல்லில் ஒட்டியிருந்த புல்வெட்டுச் சக்கையைக் கையால் துடைத்தா. கல்லில் பிறந்த வருசமும் இறந்த வருசமும் வெட்டியிருந்தது. நான் மனதுக்குள் கழித்துப் பார்த்தேன். பதினொன்று. இன்னொரு தரம் கழித்தேன். அப்போதும் பதினொன்றுதான்.

பெடியன் யார் என்று எனக்கு அந்த இடத்தில்தான் விளங்கியது.

நான் வாய் பொத்தியிருந்திருக்க வேண்டும். "என்ன நடந்தது?" என்று இங்கிலீஷில் கேட்டுவிட்டேன். அம்மா என் முழங்கையில் கிள்ளினா. மிஸிஸ் கோபிக்கவில்லை. மூளைக் காய்ச்சல் என்றா. திங்கட்கிழமை தலையிடி என்று படுத்தவன், வெள்ளிக்கிழமை இல்லை. அந்தப் பூமரங்களை வைத்தது அவனும் அவவும் சேர்ந்துதானாம், அதற்கு முதல் வருசம். முதற் பூ வர மூன்று வருசம் பிடித்ததாம்.

நான் அம்மாவிடம் திரும்பினேன். "அம்மா, அவ சொல்லுறா..."

"வேண்டாம். எனக்குத் தெரியும்."

அம்மா பூவை வைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டா. மிஸிஸ் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றா. நான் தம்பியைத் தூக்கிக்கொண்டு கொஞ்சம் தள்ளிப்போய் நின்றேன். எனக்கு அங்கே வேலை இருக்கவில்லை.

பின்னேரம் வாளியில் வைத்த பாதியைப் பஸ்ஸில் கோயிலுக்குக் கொண்டுபோனோம். பஸ் முழுக்க வாசம். இரண்டு பேர் எழும்பி அம்மாவுக்கு இடம் கொடுத்தார்கள், அம்மாவுக்கோ பூவுக்கோ தெரியாது. கோயிலில் பெண்கள் சுற்றி நின்று, "என்ன பூவக்கா உது? எங்கை வாங்கினனீங்கள்?" என்று கேட்டார்கள். "பியானோப் பூ. வீட்டிலை பூத்தது" என்றா அம்மா. பூசையின் நடுவில் பார்த்தால், நாங்கள் தட்டாமல் விட்ட எறும்புகள் வரிசையாய் இறங்கி, வெள்ளைச் சரிகைத் துணியைக் கடந்து, அந்தோனியாரின் காலில் ஏறிக்கொண்டிருந்தன. சாமியார் பிரசங்கத்தை நிறுத்தாமலே கைலேஞ்சியால் தட்டிவிட்டார். நானும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்க்காமல் சிரிப்பை அடக்கினோம்.

அந்த வீட்டில் ஏழு வருசம் இருந்தோம். மிஸிஸ் எங்களை எழும்பச் சொல்லவே இல்லை. கடைசியில் முழங்கால் முற்றாக ஏலாமல் முதியோர் இல்லத்துக்குப் போனது அவதான். அம்மா மாதம் ஒருமுறை கட்லட்டோடு போய்வருவா. இரண்டு பேரும் என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அதற்குள் அம்மா இரவு வகுப்பில் இங்கிலீஷ் படித்து முடித்திருந்தா. வீடு கைமாறியது. வாங்கியவர்கள் பின்வளவைத் தார் போட்டு இரண்டு கார் நிறுத்துகிற இடமாக்கினார்கள். என் கொப்பியும் இடம் மாறும்போது எங்கேயோ போய்விட்டது. அளந்து எழுதிய அங்குலக் கணக்கை இன்னொரு தரம் பார்க்க ஆசை. முக்கியமாக அந்த எறும்பு வசனத்தை.

மிஸிஸிடம் நான் உண்மையைச் சொல்லவேயில்லை. சொல்லியிருக்கலாம். பதினேழு வயதுக்குள் எத்தனையோ நாள் வாய்த்தது. சொல்லவில்லை.

அம்மாவுக்கு இப்போது எழுபத்தாறு. பிக்கரிங்கில் என்னோடுதான் இருக்கிறா. இந்த வைகாசியில் ஒருநாள் பின்னேரம், அம்மா குசினி மேசையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தா. ஏனோ தெரியாது, எதிரே இருந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பெரிசு, சின்னன், பிளேட், "விளங்கேல்லை" என்று மிஸிஸிடம் சொன்னது, "பரவாயில்லையாம்" என்று அம்மாவிடம் சொன்னது, எல்லாம். ஐம்பத்துமூன்று வயதில் பத்து வயதுப் பிள்ளைபோல மேசை ஓரத்தைச் சுரண்டிக்கொண்டு சொன்னதைப் பார்த்திருந்தால் நீங்கள் சிரிப்பீர்கள்.

அம்மா கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும்" என்றா.

"மிஸிஸ் சொன்னவவோ?"

"அவ ஏன் சொல்ல வேணும்? அண்டைக்கே விரலாலை காட்டினவ எல்லோ, பெரிசை விட்டிட்டுச் சின்னனைக் கிள்ளெண்டு. எனக்கு இங்கிலீஷ்தான் தெரியாது. விரல் தெரியாதோ?"

"பிறகு ஏனம்மா பெரிசைக் கிள்ளினீங்கள்?"

அம்மா யோசித்தா. நான் பொய் சொன்னதை விட இது அவவுக்குக் கஷ்டமான கேள்வி போல இருந்தது.

"நீ பெரிசெண்டு சொன்னாய். எனக்கு ஒரு சந்தேகம் வந்ததுதான். ஆனால் இந்த நாட்டிலை பஸ்ஸிலை எங்கை இறங்கிறதெண்டும் நீதான் சொன்னாய், மருந்துப் போத்திலிலை என்ன எழுதியிருக்கெண்டும் நீதான் சொன்னாய். உதிலை மட்டும் உன்னை நம்பாமல் விட்டால், பிறகு எதிலை நம்புறது? என்ரை கண்ணை விட உன்ரை காதைத்தான் நம்பினன்."

அம்மா ஒரு பழுத்த இலையைக் கிள்ளி ஒரு பக்கம் வைத்தா. பிறகு என்னைப் பார்த்தா.

"சரி, அவ்வளவையும் வெட்டினியே. உள்ளுக்கை என்ன இருந்தது?"

"இதழ்தான் அம்மா. இதழுக்குள்ளை இதழ். நடுவிலை சின்னனா, பச்சையா மூண்டு கொம்பு."

"கொம்பு என்ன நிறம்?"

"நுனி மட்டும் இளஞ்சிவப்பு."

"பார்" என்றா அம்மா, கீரைக் கத்தையைக் கீழே வைத்துவிட்டு. "எனக்கும் ஒண்டைக் காட்டியிருக்கலாம்."